கோட்டைத் தேவாலயத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடை ஒன்றில் என் நண்பர்கள் ரெண்டு பேர் ஒரு வார்த்தைக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி சி.எஸ்.ஐ., இன்னொருத்தன் ஆர்.சி. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், 13ஆம் அதிகாரத்தின் முடிவில் மூன்று விஷயங்கள் நிலைத்திருக்கும் என்று வரும். மூன்றாவது அன்பு. அதில் தகராறே இல்லை. அவள் வேதாகமத்தில் முதலாவது ‘விசுவாசம்’, இரண்டாவது ‘நம்பிக்கை’. அவன் கையிலிருந்த திருவிவிலியத்திலோ முதலாவது ‘நம்பிக்கை’, இரண்டாவது ‘எதிர்நோக்கு’. ஒரே சொல் ஒரு வீட்டில் மூத்த பிள்ளை, அடுத்த வீட்டில் இளைய பிள்ளை.

அவனுடைய பாட்டி காலத்தில் ஆர்.சி. வீட்டிலும் விசுவாசம்தான். விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று மூன்று மந்திரங்களைத் தூங்கப் போகும் முன் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கையை முன்னால் நகர்த்தி, காலியான இடத்துக்கு எதிர்நோக்கைக் கொண்டுவந்து வைத்தது. “எதிர்நோக்குன்னா பஸ்ஸுக்கு வெயிட் பண்ற மாதிரி இருக்கு” என்றாள் அவள். “விசுவாசம்னா நாய் ஞாபகம்தான் வருது” என்றான் அவன். நான் இரண்டாவது டீ சொன்னேன்.

சண்டை சுவாரசியமாக இருந்தாலும், எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. விசுவாசம் என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் உண்டாக்கவில்லை. இந்த டீக்கடையிலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே வைணவர்கள் சரணாகதிக்குச் சொல்கிற அங்கங்களில் ஒன்றின் பெயர் மகாவிசுவாசம்: அவன் கட்டாயம் காப்பாற்றுவான் என்கிற அசையாத உறுதி. ஆக, இந்த ஊரில் கிறிஸ்தவப் பிரசங்கம் செய்ய வந்தவர்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே ஆழமாகப் பொருள்பட்டிருந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார்கள். சொல் கிடைத்துவிட்டது. அந்தச் சொல்லை நம்பி வந்த ஆட்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தமிழில் பிரசங்கம் செய்வதென்பது ஆரம்பத்திலிருந்தே வெள்ளைக்காரப் பாதிரியார் தனியாகச் செய்த வேலை இல்லை. ஊர் ஊராக நடந்தவர்கள், சாவு வீட்டில் ஜெபம் சொன்னவர்கள், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தவர்கள் எல்லாம் உபதேசியார்கள். இவர்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதப்பட்டது. திருச்சியிலிருந்து அதிக தூரமில்லாத ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’, 1727. தேம்பாவணியைப் பாடத்தில் படித்திருக்கிறோம், பரமார்த்த குரு கதையைச் சிரித்துச் சிரித்துப் படித்திருக்கிறோம். இதை மட்டும் யாரும் படிப்பதில்லை. உபதேசியாராக இருப்பவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும், தன் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அந்தக் காலத்துத் தமிழ் உரைநடையில் சொல்லித் தருகிற நூல். தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் தாண்டிப்போக முடியாத ஒன்று.

முப்பத்தைந்து வருஷம் கழித்து, 1762இல், தரங்கம்பாடியிலிருந்து நடந்தே தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வந்து சேர்ந்தவர் கிறிஸ்தியான் பிரெடரிக் ஷ்வார்ட்ஸ். ஜெர்மன்காரர். பிறந்தது 1726இல், அன்றைய பிராண்டன்பர்க்கில். ஹாலே நகரத்தில் படித்தபோதே, தமிழ்நாட்டிலிருந்து திரும்பியிருந்த சூல்ட்சேயிடம் தமிழ் கற்க ஆரம்பித்தார். 1750இல் தரங்கம்பாடியில் இறங்கி, அந்த வருஷம் முடியும் முன்பே தமிழில் முதல் பிரசங்கம் செய்துவிட்டார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அவரை இன்றும் ஷ்வார்ட்ஸ் ஐயர் என்கிறார்கள்.

அவர் வந்த நேரத்துத் திருச்சியை நாம் கொஞ்சம் கற்பனை செய்துபார்க்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால்தான், 1752இல், பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள் புகுந்து உட்கார்ந்து, முற்றுகையில் சிக்கி, ஆங்கிலேயரிடம் சரணடைந்திருந்தது. சந்தா சாகிபின் தலை போனதும் அப்போதுதான். கோட்டைக்குள் நவாப் முகமது அலியின் ஆட்கள், கம்பெனிச் சிப்பாய்கள், வெள்ளைக்காரப் பட்டாளம். கோட்டையைச் சுற்றி எப்போது யார் வருவார்கள் என்று தெரியாமல் வாழ்ந்த ஜனங்கள். 1760களில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துச் சிதறியதில் பட்டாளத்துப் பிள்ளைகள் பலர் அநாதையானார்கள். ஷ்வார்ட்ஸ் அவர்களுக்காகப் பள்ளி ஒன்று தொடங்கினார். திருச்சியின் ஹீபர் பள்ளிகள் தங்கள் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 1764இல் மதுரை முற்றுகையில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டதற்காக நவாப் கொடுத்த அன்பளிப்பும் அந்தப் பிள்ளைகளுக்கே போனது.

அவர் வாழ்ந்த விதம் பற்றி வில்லியம் சேம்பர்ஸ் என்கிற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். மாதம் பத்து வராகன் வருமானம். பழைய கட்டடம் ஒன்றில் கட்டிலும் ஆளும் மட்டுமே கொள்ளும் ஓர் அறை. ஊர்ப்பக்குவத்தில் சமைத்த சோறும் காய்கறியும். ஆங்கிலப் பட்டாளத்துக்குப் பிரசங்கம் செய்ய ஆங்கிலம் போதாமல் இருந்ததால், முதலில் வேறொருவர் எழுதிய பிரசங்கங்களை எடுத்து வாசித்தாராம். அப்புறம்தான் சொந்தமாகப் பேச ஆரம்பித்தார். காலையில் உபதேசியார்களைக் கூட்டி ஜெபம், பிறகு அவர்களை ஊருக்குள் அனுப்புவது, சாயங்காலம் யாரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்பது. இதுதான் அன்றாடம். 1766 மே மாதம் கோட்டைக்குள், தெப்பக்குளத்துக்கு வடக்கே, கிறிஸ்து நாதர் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. பட்டாளத்து அதிகாரிகள் பணம் போட்டார்கள். முஸ்லிம் நவாபும் உதவினார். இன்று அந்தப் பக்கம் துணிக்கடைப் பைகளோடு போகிறவர்களில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. நானே கல்லூரி நாட்களில் மூன்று வருஷம் பார்க்காமல் போயிருக்கிறேன்.

பிரசங்கத்துக்குப் பதில் எப்படி வந்தது என்பதையும் ஷ்வார்ட்ஸ் மறைக்கவில்லை. ஒருமுறை வழியில் நட்டுவனார் ஒருவரையும் அவரிடம் ஆடப் படித்த பெண்ணையும் பார்த்து, பரிசுத்தமில்லாத எவரும் பரலோகத்தில் நுழைய முடியாது என்றாராம். அந்தப் பெண் பட்டென்று, அப்படியென்றால் ஐரோப்பியர் அநேகமாக யாருமே அங்கே போக முடியாதே என்றிருக்கிறாள். அதோடு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளைக்காரன் வாயில் வருவது ஒன்று, அவன் பட்டாளம் தெருவில் செய்வது ஒன்று என்பதைத் தினம் பார்த்த ஊர்ப் பெண்ணுக்கு இதைச் சொல்ல வேதாந்தம் தேவைப்படவில்லை. ஷ்வார்ட்ஸுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதி வைத்திருக்க மாட்டார்.

நம்பிக்கை என்ற சொல்லுக்கு, நண்பர்கள் சண்டையில் வராத மூன்றாவது அர்த்தம் ஒன்று உண்டு. கடைக்காரர் ‘நம்பிக்கை இருக்கு, எடுத்துட்டுப் போங்க’ என்கிறாரே, அது. ஷ்வார்ட்ஸ் 1778இல் தஞ்சாவூருக்குக் குடிபோனார், திருச்சிச் சபையை போலே என்ற இன்னொரு ஜெர்மானியரிடம் விட்டுவிட்டு. இரண்டு வருஷத்தில் ஹைதர் அலியின் படை வந்தது, பின்னாலேயே பஞ்சமும். தஞ்சைக் கோட்டைக்குள் பசி. வெளியே ஊர்களில் நெல் இருந்தது, ஆனால் உழவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு கொடுத்ததற்கு ராஜாவும் பணம் தரவில்லை, கம்பெனியும் தரவில்லை. மறுபடி ஏமாற யார் தயார்? கடைசியில், கிறிஸ்தவப் பாதிரியார் பொறுப்பேற்றால் தருகிறோம் என்றார்கள். அவர் எழுதினார். ரெண்டொரு நாளில் ஆயிரம் மாடுகளும் எண்பதாயிரம் கலம் நெல்லும் வந்து சேர்ந்தன. வாக்குக் கொடுத்தபடி அவர் பணமும் கொடுத்தார். அந்த உழவர்கள் யாரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் இல்லை. அவர்கள் நம்பியது பரலோகத்தை அல்ல, ஒரு மனிதன் கொடுத்த கையெழுத்தை. தமிழ்நாட்டில் நடந்த கிறிஸ்தவப் பிரசங்கங்களிலேயே ஆகச் சிறந்தது அந்தக் கடிதம்தான் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது பாய் விஷயத்துக்கு வருவோம்.

அதே ஷ்வார்ட்ஸின் சபைகளில், தஞ்சையிலும் திருச்சியிலும், வேளாளர் முதலான சாதியார் ஒரு பக்கம், பறையர் உள்ளிட்டோர் மறுபக்கம். ஒரே கூரை, ஒரே பிரசங்கம், தனித்தனி இடம். நற்கருணை வாங்குவதிலும் முன்னே யார், பின்னே யார் என்ற ஒழுங்கு உண்டு. அவர் இதை ஆதரித்துப் பேசினார் என்று சொல்ல முடியாது. நாள்பட நாள்பட மெல்லக் கரையும் என்று விட்டுவைத்தார். அந்தத் தலைமுறை மிஷனரிகள் பலருடைய நிலையும் இதுதான்: இது மதமல்ல, உலக அந்தஸ்து, அதனால் அவசரப்பட வேண்டாம். பிறரைக் காத்திருக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பாயின் முன்வரிசையில்தான் இருப்பார்கள் என்பதை வரலாறு நமக்குப் பல இடங்களில் காட்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி கிறிஸ்தவர்களோடு திருச்சிக்கு வந்ததல்ல. உறையூர்க்காரர் திருப்பாணாழ்வார். பாணர் குலத்தவர். காவிரிக்குத் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடியவர், தீவுக்குள் காலடி வைக்காதவர். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனி வழிவிடச் சொல்லிக் கல்லெறிந்ததும், அரங்கன் ஆணைப்படி அதே முனி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனதும், அதனால் ஆழ்வாருக்கு முனிவாகனர் என்ற பெயர் வந்ததும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அதே ஸ்ரீரங்கத்தில் இருந்த பிள்ளை லோகாசாரியர் தம்முடைய ஸ்ரீவசன பூஷணத்தில், பக்தனின் பிறப்பை ஆராய்வது பெரிய பாவம் என்கிற அளவுக்குப் போனார். சொல்லளவில் இந்த ஊர் எவ்வளவோ தூரம் போய்விட்டிருந்தது. ஆனால் ஆழ்வாரைத் தூக்கிக்கொண்டு போன வழியில் அவர் குலத்தார் நடந்து போக 20ஆம் நூற்றாண்டின் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரவேண்டியிருந்தது. கோட்டைத் தேவாலயத்துப் பாயைப் பார்த்துச் சிரிக்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் யோக்கியதை இல்லை. இந்தப் பக்கத்துக்கு அது சமாதானமும் இல்லை.

1826 ஏப்ரல் 1ஆம் தேதி கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர் திருச்சி வந்தார். அன்று இந்தியாவின் ஆங்கிலிக்கன் சபை முழுக்க அவர் பொறுப்பில். இங்கிலாந்தில் பாட்டெழுதிப் பேர் வாங்கியவர். கிரீன்லாந்தின் பனிமலைகளில் தொடங்கும் அவருடைய மிஷனரிப் பாட்டில், இலங்கைத் தீவில் இயற்கையெல்லாம் இனிமை, மனிதன்தான் கெட்டவன் என்ற பொருளில் ஒரு இடம் வரும். நூறு வருஷம் கழித்து, 1925இல், கல்கத்தாவில் மிஷனரிகள் முன்னால் பேசிய காந்தி இதைக் குறிப்பிட்டு வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். ஆனால் அந்த ஒரு வரியோடு ஹீபரை மூடிவிட முடியாது. திருச்சிக்கு வரும்போது அவர் மனசில் இருந்த பெரிய சுமை நம்முடைய பாய் விவகாரம்தான். புதிதாக வந்த மிஷனரிகள் சாதி இருக்கைகளை நீக்கச் சொல்கிறார்கள், சாதிக் கிறிஸ்தவர்கள் மனு மேல் மனு கொடுக்கிறார்கள். வரும் வழியில் சிதம்பரத்தில் இருந்தபடி ஷ்ரைஃபோகல் என்ற மிஷனரிக்கு இதைப் பற்றியே கடிதம் எழுதினார். மேல்நாடுகளிலும் இல்லாத வேற்றுமைகளா, எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட முடியுமா என்கிற தயக்கம் அதில் இருக்கிறது. முடிவு சொல்லவில்லை, விசாரிக்க வேண்டும் என்றார்.

ஞாயிறு அன்று புனித யோவான் ஆலயத்தில் பிரசங்கம். திங்கள் காலை, ஏப்ரல் 3, விடியற்காலையிலேயே கோட்டைக்குப் போனார். ஷ்வார்ட்ஸ் கட்டிய ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்தார். போலே 1818இல் இறந்த பிறகு அந்தச் சபை ஏழ்மையிலும் கவனிப்பில்லாமலும் தளர்ந்துபோயிருந்தது. அதைப் பார்த்து அவர் மனம் கலங்கினார். தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பி, வெயிலுக்கு இதமாகத் தோட்டத்துக் குளிக்கும் தொட்டியில் இறங்கினார். நெடுநேரமாகியும் வெளியே வராததால் வேலைக்காரர் போய்ப் பார்த்தபோது உயிர் போயிருந்தது. வயது 42. புனித யோவான் ஆலயத்திலேயே புதைத்தார்கள். அந்த ஆலயத்தின் பக்கச் சுவர்களில் வரிசையாக வைத்திருக்கும் பலகைக் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டால் கட்டடமே ஒரு திறந்த மண்டபம் மாதிரி ஆகிவிடும். போனால் பாருங்கள்.

ஹீபர் வாழ்ந்திருந்தால் என்ன முடிவு சொல்லியிருப்பார் என்று யோசிப்பதில் பயனில்லை. முடிவு சொன்னது அவருக்குப் பின்வந்த டேனியல் வில்சன். 1833இல் அவர் அனுப்பிய சுற்றுக்கடிதம் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முழுமையாக, நிரந்தரமாகக் கைவிடச் சொன்னது. மெல்லக் கரையும் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1835இல் அவரே தஞ்சைக்கும் திருச்சிக்கும் நேரில் வந்தார். தஞ்சையில் நூற்றுக்கணக்கானவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள்.

வெளியேறியவர்கள் பக்கத்துக் குரலாக நமக்குக் கிடைப்பவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர், பன்னிரண்டு வயதில் ஷ்வார்ட்ஸ் கையைப் பிடித்துத் தஞ்சைக்கு வந்தவர், சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற கவிஞர். இன்றும் எந்தச் சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயத்தில் நுழைந்தாலும் அவருடைய கீர்த்தனை ஒன்று காதில் விழும். பிரசங்கத்தைக் கதாகாலட்சேபமாக மாற்றி, ஜதியும் ராகமுமாக ஊரை உட்கார வைத்தவர். புதிய மிஷனரிகளின் கொடுமைகள் என்று அவர் நான்கை எழுதினார். பழைய தமிழ் வேதாகமத்தைத் திருத்துகிறார்கள். கல்யாணத்திலும் சாவிலும் பூவைத் தடுக்கிறார்கள். ஆலயத்தில் தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் நிறுத்துகிறார்கள். சாதியாரை நற்கருணையில் ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார்கள்.

நான் இந்தப் பட்டியலில் நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். முதல் மூன்றில் எனக்கு அவரோடு சண்டை இல்லை. ஜெர்மன் மெட்டில் தமிழை மென்று துப்பச் சொல்வதும், பிணத்தின்மேல் ஒரு மாலை போடுவதைத் தடுப்பதும் கொடுமைதான். அவர் சண்டை போட்டதால்தான் கீர்த்தனை பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம். அதே மூச்சில், அதே மனிதர், பறையரோடு ஒரே பாயில் உட்கார்வதையும் அந்த வரிசையில் சேர்க்கிறார். அவருக்கு இவை எல்லாமே ஒன்று: ‘எங்கள் வழக்கம்’. பண்பாட்டைக் காக்கிறேன் என்கிறவர் கையில் நாலு பொருள் இருந்தால் அதில் நாலாவது என்ன என்று கேட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு இவரைப் படித்த பிறகு வந்தது. அவர் பாட்டைக் கேட்டு ரசிப்பதை அது நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டுமா என்று என் சி.எஸ்.ஐ. தோழியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தாள்.

இதற்கெதிராக மறுபக்கத்துப் பாயில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்கள் மனு எழுதியதும் பாட்டெழுதியதும் நம் கைக்கு அதிகம் வரவில்லை. எழுத்து சாதியார் கையில் இருந்தது. அதனால் இந்த வரலாறு எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடக்கும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது.

கத்தோலிக்கர் கதை வேறு பாதையில் போய் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷனில் பிராமணரிடம் போக ஒருவகைச் சாமியார், மற்றவரிடம் போகப் பண்டாரசாமிகள் என்று குருக்களையே பிரித்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கோயிலையே இரண்டு கைகளாகக் கட்டினார்கள். நடுப்பீடத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும். ஒரு கைக்காரர்களுக்கு மறு கைக்காரர்கள் தெரியாது. நடுச்சுவரை இடிக்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சுவர். இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், அந்தப் பக்கம் தலித் கிறிஸ்தவர்கள். 2010இல் பெரியார் வழி இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் உள்ளே போய் அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். கவனியுங்கள், கடவுள் இல்லை என்கிறவர்கள். எண்பதாயிரம் கலம் நெல்லைக் கொடுத்தவர்களைப் போலவே இவர்களும் சபைக்கு வெளியில் இருந்து வந்தவர்கள்.

டீக்கடையிலிருந்து கிளம்பி நாங்கள் மூன்று பேரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனோம். ஆர்.சி. நண்பன் அங்கே தங்கியிருக்கிறான். பாலத்தில் நெரிசல். வண்டி நின்றுவிட்டது. அப்போதுதான் தோழி தன் ஆயாவைப் பற்றிச் சொன்னாள். ஊர் பெயரும் சபை பெயரும் வேண்டாம் என்றாள். ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோது கோயிலில் அவர்களுக்கு இடதுபக்கத் தூணுக்குப் பின்னால் பாய். பின்னால் ஒரு நாள் பெஞ்சு வந்தது, எல்லாருக்கும் பொது என்று அறிவிப்பும் வந்தது. ஆயா சாகும் வரைக்கும் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் போய் உட்கார்ந்தாளாம், பெஞ்சில் இடம் இருந்தாலும்.

“ஏன்னு கேட்டியா?”

“கேட்டேன். ‘அங்கதான் காத்து வரும்’னா.”

பஸ் நகர்ந்தது. கீழே காவிரியில் தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.